இந்தக் கணினிக்கு மட்டும்

என் மருமகனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை இப்போது வங்கிக்காரர்களும் என் மகளும் மட்டும்தான் பயன்படுத்துகிறார்கள். என் மகளும் கோபம் வந்தால் மட்டும். மற்ற எல்லோருக்கும் அவர் 'நெக்ஸ்ட்'.

கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போய்க் கம்ப்யூட்டரில் பில் போடுகிற, சரக்கு பார்க்கிற, சம்பளம் கணக்கிடுகிற சாஃப்ட்வேரைப் போட்டுக் கொடுப்பது அவர் தொழில். போடும்போது திரையில் ஒரு பெட்டி வரும், அதில் பொடி எழுத்தில் ஏதாவது கேட்டிருக்கும், கீழே 'நெக்ஸ்ட்' என்று ஒரு பொத்தான் இருக்கும். மனிதர் ஒரு பெட்டியையும் படிக்க மாட்டார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், முடிந்தது. கல்யாணப் பதிவுக்குப் போனபோது பதிவாளர் நீட்டிய தாளிலும் அப்படித்தான் கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"எல்லாத்துலயும் ஒரே கதைதான் அத்தை" என்றார்.

என் மகளைக் கட்டிக்கொள்ளும் நிபந்தனைகளை ஒருவர் படிக்காமல் ஏற்கிறார் என்றால் அவரைத் தைரியசாலி என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

தோளில் ஒரு பை. அதில் சாவிக்கொத்து மாதிரி கோத்த பென்டிரைவ்கள், கேபிள் முனை மாட்டும் இடுக்கி, ஸ்க்ரூடிரைவர், முட்டி போட ஒரு பழைய துண்டு. அவர் ஆயுளில் பாதி மேஜைகளுக்கு அடியில்தான் போயிருக்கிறது. மேலே அதிகாரமாகப் பேசுகிற மேனேஜர் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் விரலால் தரையில் கோலம் போடுவார், சிரித்துப் பேசுகிற காசாளர் அம்மாவின் கால் பயத்தில் ஆடிக்கொண்டே இருக்கும் என்றெல்லாம் வந்து சொல்வார். ஆட்களை அவருக்கு முகத்தைவிடக் காலை வைத்துத்தான் நன்றாகத் தெரியும். ஒரு முறை ஒரு கிடங்கில் எலி கேபிளைக் கடித்ததில் இரண்டு பில் எலியின் வயிற்றுக்குள் போய்விட்டது என்றார். நான் அதை ஐந்து பில் என்றும், எலிக்கு வயிற்றுவலி வந்தது என்றும் சொல்லிப் பரப்பி வருகிறேன்.

தப்பு என்று எது வந்தாலும் அது அவர் தப்பாக இருக்காது. கரன்ட் சரியில்லை. தூசி. எலி. முதலாளியின் மச்சான் கை வைத்துவிட்டான். "ப்ரோக்ராம் சுத்தமா இருக்கு சார்" என்பார், பெற்ற பிள்ளையைச் சொல்வது போல.

இந்தத் தொழிலில் இரண்டு விதம். ஒரே கம்ப்யூட்டரில் போடுவது தனிக்குடித்தனம். அதுவே சமைத்து அதுவே சாப்பிட்டுக்கொள்ளும். பல கம்ப்யூட்டர்களைக் கேபிளால் சேர்த்துப் போடுவது கூட்டுக் குடும்பம். அதில் ஒன்று மாமியார், மற்றவை மருமகள்கள். எண், சரக்கு, சாவி எல்லாம் மாமியாரிடம். மருமகள்கள் ஒவ்வொன்றுக்கும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த விளக்கம் அவருடையதுதான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

சில நேரம் மருமகள் கம்ப்யூட்டருக்கு மாமியார் கண்ணில் படமாட்டாள். கேபிளில் கோளாறு இருக்கும். முதலாளி தலைமேல் நிற்பார். அப்போது இந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு காரியம் செய்வார்கள்: தற்காலிகமாக அதைத் தனிக்குடித்தனமாகப் போட்டு, ஒரு பில் அடித்துக் காட்டிவிடுவார்கள். முதலாளி கைதட்டுவார். அவர் நகர்ந்த பிறகு கேபிளைச் சரிசெய்து, திரும்பப் போய்க் குடும்பத்தோடு சேர்த்துவிடுவார்கள். அந்தத் திரும்பப் போவதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரு ரத்தப் பரிசோதனை லேப். குறுகலான கட்டடம், வாசலை ஒட்டி ஒரு கவுன்ட்டர், ரத்தத்தைச் சோதிக்கிற மெஷின் மாடியில். கூட்டம் தாங்கவில்லை என்று உள் அறையில் இரண்டாவது கவுன்ட்டர் திறக்கப் போகிறார்கள். இரண்டையும் சேர்த்துவிடும் வேலை நம் நெக்ஸ்ட்டுக்கு. அங்கே தினமும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். வருகிறவருக்கு கம்ப்யூட்டர் ஒரு எண் கொடுக்கும், அந்த எண் மட்டும் அச்சான ஸ்டிக்கர் ரத்தக் குழாயில் ஒட்டப்படும். மாடி மெஷின் அந்த எண்ணைப் போட்டு ஒரு சீட்டைத் துப்பும். சீட்டுகள் கீழே வந்ததும் கவுன்ட்டர் பெண்கள் தங்கள் எண்களைப் பொறுக்கி எடுத்து, பெயரோடு ரிப்போர்ட் அடிப்பார்கள்.

என் மகளுக்குக் கொஞ்ச நாளாக அசதி. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எடுத்துவிடச் சொன்னார். "நான் அங்கதான் இருப்பேன். புதுக் கவுன்ட்டருக்கு வா, கூட்டமே இருக்காது. உன்னை வச்சுத்தான் போணியே" என்று கூப்பிட்டிருக்கிறார் புருஷன்.

அன்று காலை வாசல் கவுன்ட்டர் மேஜைக்கு அடியில் படுத்து வேலையை முடித்தார். உள் அறைக்குப் போனால் மருமகளுக்கு மாமியார் தெரியவில்லை. சுவரில் இருந்த கேபிள் சாக்கெட்டுக்குள் பெயின்டர் வஞ்சனையில்லாமல் பெயின்ட் அடித்திருக்கிறார்.

"என்ன நெக்ஸ்ட்டு, ஜனங்க நிக்கிறாங்க. திறக்கலாமா வேணாமா?" என்று லேப் முதலாளி வந்து நின்றார்.

"இதோ ஆச்சு சார்."

மறுபடி போட்டார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட். 'இந்தக் கணினிக்கு மட்டுமா, வலைப்பின்னலோடு சேர்த்தா?' என்று ஒரு பெட்டி கேட்டது. புள்ளி 'இந்தக் கணினிக்கு மட்டும்' என்பதில் இருந்தது. அப்படியே விட்டார். நெக்ஸ்ட். என் மகள் வந்து உட்கார்ந்தாள். பெயர் அடித்தார்கள், ஸ்டிக்கர் வந்தது: எண் 1. முதலாளி கைதட்டினார். அவர் போன பிறகு நம் ஆள் ஸ்க்ரூடிரைவரால் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்து, கேபிளைச் செருகினார். சாக்கெட் பக்கத்தில் பச்சை விளக்கு மினுக் மினுக் என்று எரிந்தது.

கேபிள் வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தப் பச்சை விளக்கு எரிந்தால் போதும், பசி அடங்கின மாதிரி. வேலை முடிந்தது என்று மனசு தீர்மானித்துவிடும். அவர் துண்டை உதறி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பப் போகவில்லை.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். சிறுநீரகம் ரெண்டும் வேலையை நிறுத்திக்கொண்டு வருகிறது என்றார். நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடி ரத்தம் கொடுத்துச் சேர்ந்துவிட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள் என்றார்.

வீட்டுக்கு வந்த என் மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நேராகச் சமையலறைக்குள் போய், காகிதத்தைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு டப்பா மேலும் எழுதி ஒட்ட ஆரம்பித்தாள். உப்பு. சர்க்கரை. மிளகு.

"என்னடி பண்றே?"

"இவருக்கு எது எதுன்னு தெரியாதும்மா. ரவைக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன். நான் ஆஸ்பத்திரில இருந்தா என்ன பண்ணுவார்?"

"வாயைக் கழுவு. நான் இல்லையா?"

"நீ போட்ற காபியக் குடிச்சா அவரும் வந்து என் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்க வேண்டியதுதான்."

சிரித்தோம். மருமகன் வந்து அந்த டப்பாக்களுக்கு முன்னால் நின்று ஒவ்வொன்றாகப் படித்தார். மனிதர் எதையாவது கடைசி வரை படித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. படித்துவிட்டு ரிப்போர்ட்டை எடுத்து, அதையும் மேலிருந்து படித்தார். எண் 1 என்ற இடத்தில் விரல் நின்றது.

"அத்தை," என்றார், "வாசல் கவுன்ட்டர்ல அப்ப ஏற்கெனவே ஜனங்க வந்துட்டாங்க. சேந்து ஓடியிருந்தா இவளுக்கு ஒண்ணு எப்படி வரும்?"

எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டார்.

"மேஜைக்கு அடியில படுத்திருந்தப்ப கவுன்ட்டர் முன்னாடி வந்து நின்ன முதல் காலை நான் பாத்தேன். ரெண்டும் ஊதிப்போயி, செருப்பு வார் கடைசி ஓட்டையில மாட்டியும் பத்தாம... யாருடா இது, யானை மாதிரின்னு மனசுக்குள்ள சிரிச்சேன் அத்தை. இவ காலைப் பாருங்க. கொக்கு காலு."

என் மகள் தன் காலைப் பார்த்தாள்.

"என் வேலை தப்பா இருக்கணும்னு வேண்டிக்கோங்க" என்றார்.

கரன்ட்டையும் தூசியையும் எலியையும் மாட்டிவிட்டே பழகின மனிதர். எப்படியாவது குற்றம் தன் தலையில் விழட்டும் என்று அவர் கண்ணை மூடி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். நானும் வேண்டிக்கொண்டேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், அந்தக் கால் யாருடையது என்று அப்போது ஒரு கணம்கூட நான் நினைக்கவில்லை.

மறுநாள் லேப் கதவைத் திறக்கும்போதே மூன்று பேரும் வாசலில் நின்றோம். என்னை யாரும் கூப்பிடவில்லை, நான் போனேன். மருமகன் நேரே உள் அறைக்குப் போய், அந்தக் கம்ப்யூட்டரில் எங்கெங்கோ நுழைந்து ஒரு பெட்டியைத் திறந்தார். 'இந்தக் கணினிக்கு மட்டும்' என்று இருந்தது. பச்சை விளக்கு பக்கத்தில் சமர்த்தாக மினுக்கிக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டார்.

வாசல் கவுன்ட்டர் பெண் ஓடி வந்தாள். "நேத்து ஒண்ணாம் நம்பர் சீட்டு ரெண்டு வந்துச்சா?" என்று கேட்டார்.

"ஆமா. அந்த மெஷின் சில நேரம் ஒரே சீட்டை ரெண்டு தடவை துப்பும். மேல இருந்ததை நான் எடுத்துக்கிட்டேன். மீதியை உள்ள இருக்கற அக்கா எடுத்திருப்பாங்க."

"ரெண்டும் ஒண்ணான்னு பாக்கலியா?"

"ஒண்ணாத்தான் இருக்கும்னு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. படிக்காமல் நெக்ஸ்ட் அமுக்குகிறவரை வீட்டிலேயே வைத்துக்கொண்டு யாரைத் திட்டுவது?

என் மகளிடம் அங்கேயே மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சீட்டு வந்ததும் கவுன்ட்டர் பெண்ணே உரக்கப் படித்தாள். சிறுநீரகம் நன்றாக இருந்தது. கொஞ்சம் ரத்தசோகை, அவ்வளவுதான். என் மகள் என் தோளில் சாய்ந்தாள். அப்போதுதான் மருமகன் கேட்டார், "அப்ப அந்தம்மா?"

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார்.

"உங்க வீட்டம்மா நல்லா இருக்காங்க இல்ல? சந்தோஷம். நேத்து உள்ள வந்த நாலைஞ்சு பேரையும், அதே நம்பர்ல வாசல் கவுன்ட்டருக்கு வந்தவங்களையும் இலவசமா மறுபடி பாக்கறோம்னு பொதுவா கூப்பிட்டுக்கலாம். அடுத்த வாரம், பக்குவமா."

"அடுத்த வாரமா சார்? டாக்டர் எங்ககிட்ட நாளைக்கே போன்னு சொன்னாரு. அது அந்தம்மாவுக்குச் சொன்னது."

"நெக்ஸ்ட்டு, யோசிச்சுப் பேசுங்க. வெளிய தெரிஞ்சா லேப்பை மூட வேண்டியதுதான். ஆனா தப்பு யாருதுன்னு எல்லாரும் கேப்பாங்க. இந்த ஊர்ல எந்த லேப்பும் உங்களை உள்ள விடாது."

"விடாதுதான் சார்" என்றார் என் மருமகன். கவுன்ட்டர் பெண்ணின் பக்கம் திரும்பி, "நேத்து உன்கிட்ட ஒண்ணாம் நம்பர் யாரும்மா?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஜிப் மாத்தற தையல் கடை அம்மாதான், அண்ணா. எனக்கு அங்கதான் தைக்கறது."

லேப்பில் எழுதி வைத்திருந்த நம்பருக்குப் போன் போட்டார், மணி அடித்து அடித்து நின்றது. நடந்தே போனோம்.

ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும் கடை. ஜிப் சுருள்கள், நூல்கண்டுகள், பிரித்துப் போட்ட பேன்ட்டுகள். தையல் மெஷினுக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள், மெஷின் சத்தத்தில் போன் காதில் விழாமல், மிதித்துக்கொண்டிருந்தாள். மருமகன் வாசலிலேயே குனிந்து மெஷினுக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து எங்களைப் பார்த்து, இந்தக் கால்தான் என்று தலையாட்டினார்.

"என்ன தம்பி, காலடியில ஏதாவது விழுந்துடுச்சா?"

"லேப்ல இருந்து வரேம்மா. நீங்க நேத்து வாங்கின ரிப்போர்ட்..."

"அதுவா!" என்று முகம் மலர்ந்தாள். சுவரில் அளவு டேப் தொங்குகிற ஆணியிலேயே ரிப்போர்ட்டைக் குத்தி வைத்திருந்தாள். "டாக்டர் பாத்துட்டு ஒண்ணுமில்ல, மெஷின் மிதிக்கறதால கால் வீங்குதுன்னுட்டாரு. ஒரு மாசமா தூக்கமில்ல தம்பி எனக்கு. நேத்துதான் தூங்கினேன்."

அவர் சொன்னார். திக்கித் திணறி, ஆனால் ஒன்றையும் விடாமல் சொன்னார். பெயின்ட், சாக்கெட், பெட்டி, பச்சை விளக்கு, தான் நெக்ஸ்ட் அமுக்கினது. கரன்ட்டை இழுக்கவில்லை, எலியை இழுக்கவில்லை. அந்த அம்மாள் எழுந்து ரிப்போர்ட்டை ஆணியிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"இது என்னுது. என் பேர் போட்டிருக்கு."

"பேர் உங்களுது. ரத்தம் இவளுது."

"போங்க தம்பி. கம்ப்யூட்டர் அடிச்சது தப்பு, நீங்க சொல்றது சரியா? நீங்களே தப்பு பண்ற ஆளுங்கறீங்க. இப்ப சொல்றது மட்டும் எப்படி சரியா இருக்கும்?"

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். வாயாடி என்று பேர் வாங்கின நான் என் மகளைப் பார்த்தேன்.

என் மகள்தான் செருப்பைக் கழற்றிவிட்டு, துணிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினாள். "அக்கா, நேத்து ராத்திரி பூரா இந்தச் சீக்கு எனக்குன்னு நெனச்சுட்டிருந்தேன். என் காலை அமுக்கிப் பாருங்க."

"நான் எதுக்கு..."

"சும்மா அமுக்குங்க."

அந்த அம்மாள் பெருவிரலால் கணுக்காலுக்கு மேலே அமுக்கி எடுத்தாள். ஒன்றும் இல்லை. பிறகு என் மகள், கேட்காமலே, அவள் காலை எடுத்து மடியில் வைத்து அதே இடத்தில் அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது, மாவில் பதிந்த மாதிரி. நாங்கள் நாலு பேரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அது நிரம்பவே இல்லை.

வெளியே ஒரு பஸ் வந்து நின்று போயிற்று. அந்த அம்மாள் ரிப்போர்ட்டை நாலாக மடித்து என் மகள் கையில் கொடுத்தாள்.

"ஒரு நாள் நல்லாத் தூங்கினேன்" என்றாள். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லை, அதுதான் தாங்கவில்லை. "இந்த ஜிப்பை முடிச்சிட்டு வரேன். சாயங்காலம் வாங்க வருவாங்க."

மெஷின் மறுபடி ஓடியது. முடித்து எழுந்து செருப்பை மாட்டினால் வார் எட்டவில்லை. மருமகன் பையிலிருந்து துண்டை எடுத்து விரித்து, அதன் மேல் முட்டி போட்டு, ஸ்க்ரூடிரைவர் முனையால் வாரில் இன்னொரு ஓட்டை குத்தி மாட்டிவிட்டார். அவள் அவர் தலையைக் குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீரகத்தில் எவ்வளவு மிஞ்சும் என்று அவர்கள் இதுவரை சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தடவை மெஷினோடு சேர்த்துக் கட்டிப் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணுகிறார்கள். முதலாளி சொன்னபடியே எந்த லேப்பும் என் மருமகனைக் கூப்பிடுவதில்லை. லேப்பை மட்டும் யாரும் மூடவில்லை. கவுன்ட்டர் பெண் மற்றவர்களையெல்லாம் அன்றைக்கே போனில் கூப்பிட்டுவிட்டாள் என்று கேள்வி. அவளுக்கும் அங்கே வேலை இல்லை. மருமகன் தனக்கு மிச்சமிருக்கிற இரண்டு மூன்று கடைகளிலும் ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படித்துத்தான் அமுக்குகிறார். அரை மணி வேலைக்கு அரை நாள் ஆகிறது என்று கடைக்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. என் மகள் டப்பாக்களில் ஒட்டினதைப் பிய்க்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் அவர்தான் அந்த அம்மாளைக் கூட்டிக்கொண்டு போகிறார். போன தடவை நானும் போனேன். நர்ஸ் ரத்தம் எடுத்து, குழாயில் நம்பர் ஸ்டிக்கரை ஒட்டினாள்.

"சிஸ்டர், பேரையும் எழுதிடுங்க" என்றார் இவர்.

"நம்பர் போதும் சார். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு."

"இருக்கும்மா. இருந்தாலும்."

"தினமும் நூறு பேருக்கு எடுக்கறோம் சார், ஒவ்வொருத்தருக்கும் எழுதிட்டிருந்தா..."

கட்டிலில் படுத்திருந்த தையல்கார அம்மாள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "எழுதும்மா. எழுதினதை அவருக்கு ஒரு தடவை படிச்சும் காட்டிடு. இல்லேன்னா இங்கேயே நிப்பாரு. எனக்குத் தூக்கம் வருது."

நர்ஸ் பேனாவை எடுத்து எழுதி, சலித்துக்கொண்டே படித்தாள். அவர் உதடு அசைய அசையக் கேட்டார். கேட்டுவிட்டு, வழக்கம் போல, அந்த அம்மாளின் காலைப் பார்த்தார்.